வினை தங்கும் இடம்: உர்சுலா கே. லெ குவினின் ‘ஆல்வேஸ் கமிங் ஹோம்’ புதினத்தில் மறுபிறப்பும் இயற்கை வழிபாடும்

ஆய்வுச்சுருக்கம்

உர்சுலா கே. லெ குவின் 1985ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஆல்வேஸ் கமிங் ஹோம்’, தொலை எதிர்காலத்தில் வட கலிபோர்னியாவில் வாழக்கூடிய கெஷ் என்னும் கற்பனை மக்களின் வாழ்வை இனவரைவியல் நூல் போல அமைத்துக் காட்டும் புதினமாகும். இயற்கையைத் தொழும் இச்சமூகத்தில் இறந்தோரும் பிறவாதோரும் ஓரிடத்தில் உறைவதாகக் கொள்ளப்படுகிறது. இவ்வாறு உருப்பெறும் மறுபிறப்புச் சிந்தனை தனியுயிரின் வினைக்கணக்கை அறியாதது என்பதையும், அக்கணக்கு மண்ணிலும் உடலிலும் வேறு வடிவில் தங்கியிருப்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. மார்கரெட் அட்வுட்டின் ‘தி இயர் ஆஃப் தி ஃப்ளட்’ (2009) ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

திறவுச்சொற்கள்: லெ குவின், கெஷ், மறுபிறப்பு, வினை, இயற்கை வழிபாடு, இனவரைவியல், சூழலியல் திறனாய்வு

முன்னுரை

எதிர்காலத்தைப் பேசும் புனைவுகள் பெரும்பாலும் எந்திரங்களைப் பேசுகின்றன. பேரழிவுக்குப் பின் மண்ணோடு ஒட்டி வாழும் சிறு குழுக்களைப் பேசும் புனைவுகளும் உண்டு. அவற்றுள் பல, இயற்கை வழிபாட்டை ஓர் அலங்காரமாகவே பயன்படுத்துகின்றன. நெருப்பைச் சுற்றி ஆடும் கூட்டம், மரத்தடியில் ஒரு முதியவள், புரியாத மொழியில் ஒரு பாட்டு என்பனவற்றுக்கு மேல் அவை செல்வதில்லை. அம்மக்கள் எதை நம்புகிறார்கள், அந்த நம்பிக்கை அவர்களுடைய உணவையும் சாவையும் எவ்வாறு வடிவமைக்கிறது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதே இல்லை. ‘ஆல்வேஸ் கமிங் ஹோம்’ அவ்வினாக்களையே தன் கட்டமைப்பாகக் கொண்ட நூல். கதை, பாட்டு, நாடகம், மருத்துவக் குறிப்பு, சமையற்குறிப்பு, வரைபடம், சொல்லகராதி ஆகியவை அதில் விரவிக் கிடக்கின்றன. டாட் பார்ட்டன் இசையமைத்த கெஷ் பாடல்கள் அடங்கிய ஒலிநாடா ஒன்றும் நூலோடு சேர்ந்து வெளிவந்தது. தொடர்ச்சியான கதை என்று கூறத்தக்கது ஒரு பெண்ணின் தன்வரலாறு மட்டுமே. அதுவும் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு நூலின் வெவ்வேறு இடங்களில் வைக்கப்பட்டுள்ளது.

இந்நூலைப் படிக்கும் தமிழ் ஆய்வாளருக்கு ஒரு சபலம் எழுவது இயல்பு. நிலமும் பொழுதும் உயிர்களும் தெய்வமும் மனித ஒழுக்கமும் ஒன்றோடொன்று பிணைந்த கெஷ் உலகைக் கண்டவுடன், “இது நம் திணைக் கோட்பாடே” என்று எழுதிவிடத் தோன்றும். திணையை உலகளாவிய சூழலியல் திறனாய்வுக் கருவியாக வளர்த்தெடுக்கும் முயற்சிகளின் மதிப்பை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஒப்புமை கண்டவிடத்து ஆய்வு முடிந்தது எனக் கருதும் பழக்கம் இருநூல்களுக்கும் நீதி செய்வதாகாது. கெஷ் மக்களின் உலகநோக்கு வேறொரு நிலத்தின் வேறொரு காயத்திலிருந்து பிறந்தது. அதை முதலில் அங்கேயே வைத்துப் படிக்க வேண்டும்.

ஒன்பது இல்லங்கள்

கெஷ் மக்கள் இருப்பவை அனைத்தையும் ஒன்பது இல்லங்களாகப் பகுக்கின்றனர். எரிமலைக் கண்ணாடி, நீலக்களி, பாம்புக்கல், செம்மண், மஞ்சள்மண் ஆகிய ஐந்தும் நிலத்தின் இல்லங்கள். மழை, மேகம், காற்று, அசையா வளி ஆகிய நான்கும் வானின் இல்லங்கள். உயிரோடிருக்கும் மனிதரும், மனிதரோடு பழகும் விலங்குகளும், பயிர்களும், ஊற்றுகளும், கற்களும் நிலத்தின் இல்லங்களைச் சேர்ந்தவை. குழந்தை தாயின் இல்லத்தில் பிறக்கிறது. வான் இல்லங்களின் உறுப்பினர் பட்டியல்தான் நம் கவனத்துக்கு உரியது. இறந்தோர், இன்னும் பிறவாதோர், காட்டு விலங்குகள், கனவிலும் கதையிலும் மட்டுமே உள்ளோர் ஆகிய எல்லாரும் அங்கு உறைகின்றனர்.

இறந்தவரும் பிறவாதவரும் ஒரே இடத்தில் வாழ்வதாகக் கொண்டால் அதன் உட்பொருள் என்ன? லெ குவின் இதனை ஒற்றைச் சமயக் கோட்பாடாக வகுத்துத் தரவில்லை. கெஷ் மக்களிடம் வேதநூலோ திருச்சபையோ இல்லை. ஆயினும், சென்றவர் வாழும் இடத்திலிருந்தே வருபவர் வருகிறார் என்பது அந்தப் பகுப்பிலேயே அமைந்துவிடுகிறது. சாவு என்பது ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லத்துக்குப் பெயர்தல். பிறப்பு அதன் மறுதிசை. காட்டு விலங்கும் அதே வான் இல்லத்தில் இருப்பதால் பிறவாத குழந்தையும் காட்டில் திரியும் மலைச்சிங்கமும் அண்டை வீட்டாராகின்றனர்.

தமிழ் மரபில் மறுபிறப்பு பெரிதும் அடையாளத்தின் தொடர்ச்சியாகப் பேசப்படுகிறது. ‘மணிமேகலை’யில் ஆபுத்திரன் புண்ணியராசனாகப் பிறந்து, மணிபல்லவத்தில் தன் பழைய உடலின் எலும்புகளையே காண்கிறான். அவை தன் எலும்புகள் என அவன் அறிவதற்கு இடமளிப்பது வினையின் தொடர்ச்சி. செய்தவனைத் தேடிச் செய்தது வருகிறது. கெஷ் உலகில் இத்தகைய காட்சி நிகழ வழியில்லை. முற்பிறப்பில் இன்னாராக இருந்தேன் என்று நினைவுகூர்வதை அங்கு எவரும் பேறாகக் கொள்வதில்லை. திரும்பி வருவது உயிர். ஆனால் இன்னாருடைய உயிர் என்னும் முத்திரை அதன்மேல் இல்லை. கணக்கு வைப்பார் எவருமில்லாத மறுபிறப்பு இது.

பெயரும் மறதியும்

முத்திரையின்மை என்பதைப் புதினம் இரு வகையில் செயலாக்கிக் காட்டுகிறது. முதலாவது, பெயரிடும் முறை. கெஷ் மனிதர் ஒருவர் ஒரே வாழ்வில் மூன்று பெயர்களைத் தாங்குகிறார். தன்வரலாறு கூறும் பெண் சிறுமியாக ‘வட ஆந்தை’ என்றும், நடுவயதில் ‘வீடு திரும்பும் பெண்’ என்றும், முதுமையில் ‘கல் சொல்லுதல்’ என்றும் அழைக்கப்படுகிறாள். ஒவ்வொரு பெயரும் முன்னையதைக் கழற்றிவிட்டு வருகிறது. ஒருவகையில், மறுபிறப்புக்கான பயிற்சியை அவர்கள் வாழும்போதே மேற்கொள்கின்றனர் எனலாம்.

இங்குத்தான் தாயின் செயல் பொருள் பெறுகிறது. வட ஆந்தையின் தாய் வில்லோ. அவளுடைய கணவன் டெர்டெர் அபாவ், வடக்கிலிருந்து வந்த கழுகுமக்களின் படைத்தலைவன். அவன் ஆண்டுக்கணக்கில் வராமலிருந்து, வந்து, மீண்டும் போகிறான். மனமுடைந்த வில்லோ தன் குழந்தைப்பருவப் பெயரான டௌஹீ என்பதை மீண்டும் பூண்டுகொள்கிறாள். ஊரார் எவரும் அவளைத் தண்டிக்கவில்லை. ஆனால் அது இயல்புக்கு மாறான செயல் என்னும் அச்சம் எல்லாரிடத்தும் பரவுகிறது. திரும்பி வருதலையே தன் தலைப்பாகக் கொண்ட நூலில், திரும்பிப் போதல் பிழையாகக் காட்டப்படுவது முரணன்று. கெஷ் மக்களின் புனித வடிவம் முழுவட்டம் அன்று. நடுவில் வெற்றிடம் விட்டுச் சுழலும் இரட்டைச் சுருள். ஊர்கள் கூட அவ்வடிவிலேயே அமைகின்றன. ஒரு கரத்தில் குடியிருப்புகள், மறு கரத்தில் பாதி நிலத்தடியில் அமைந்த ஐந்து வழிபாட்டுக் கூடங்கள், இரண்டும் நெருங்கும் இடத்தில் நீர். சுருளில் நடப்பவர் பழைய இடத்துக்கு அருகே வரலாம். அவ்விடத்தையே மிதிக்க முடியாது.

இரண்டாவது, மறதி. நூலின் தொகுப்பாளராகத் தோன்றும் பண்டோரா, வக்வஹா என்னும் மலையூரின் நூலகக் காப்பாளரைச் சந்திக்கும் உரையாடல் இப்புதினத்தின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. அந்த நூலகத்தில் ஆண்டுதோறும் நூல்கள் கழிக்கப்படுகின்றன என்பதைக் கேட்டுப் பண்டோரா திடுக்கிடுகிறாள். சேமிப்பதே நூலகத்தின் பணி என்பது அவள் எண்ணம்; கைம்மாறிச் செல்வதே நூலின் இயல்பு என்பது காப்பாளரின் எண்ணம். நூலகத்தையும் ஆவணக்காப்பகத்தையும் நம்பி வாழும் ஆய்வாளர்கள் இப்பகுதியைச் சற்று நடுக்கத்தோடுதான் படிக்க இயலும். உலகநடனம் என்னும் விழாவிலும் இதே தருக்கம் உண்டு. அவ்வாண்டு இறந்தவர்களின் பெயர்கள் துயர நெருப்பில் இடப்படுகின்றன. பெயர் எரிந்த பின்னரே இறந்தவர் முழுமையாகப் போகிறார். போனால்தானே வர இயலும்?

இதற்கு எதிர்முனையில் ‘மனநகரம்’ நிற்கிறது. தன்னைத் தானே பேணிக்கொள்ளும் கணினிகளின் வலைப்பின்னல் அது. எதையும் அழிக்காமல் அனைத்தையும் சேர்த்து வைக்கிறது. கேட்பவர்க்கு மறுக்காமல் தருகிறது. கெஷ் மக்கள் அதனை வெறுப்பதில்லை. வானிலை அறியவும் செய்தி அனுப்பவும் பயன்படுத்திக்கொண்டு தம் வேலையைப் பார்க்கின்றனர். சாகாத நினைவைக் கையருகே வைத்துக்கொண்டு அதை நாடாதிருக்கும் இப்போக்கை லெ குவின் எவ்விதப் பிரசங்கமும் இன்றிக் காட்டியிருப்பது பாராட்டத்தக்கது. எந்திரத்தைப் பகையாக்கிக் கதை முடிக்கும் எளிய வழி அவருக்குத் திறந்தே இருந்தது.

கொல்லும் கணம்

இயற்கை வழிபாடு உண்மையா என்பதை அறிய விழாவைப் பார்ப்பதைவிடக் கொல்லும் கணத்தைப் பார்ப்பது மேல். கெஷ் மக்கள் புலால் உண்போர். வேட்டை உண்டு, வளர்ப்பு விலங்கைக் கொல்வதும் உண்டு. ஆனால் விலங்கைக் கொல்பவர் அவ்விலங்கை நோக்கிச் சில சொற்களைக் கூறியாக வேண்டும். அச்சொற்கள் பெரும்பாலும் உணர்ச்சியின்றி, வாய்ப்பாடு போல முணுமுணுக்கப்படுகின்றன என்பதை லெ குவின் மறைப்பதில்லை. உணர்ச்சி இல்லாமற் போகலாம். சொல் இல்லாமற் போகக்கூடாது. சடங்கு பற்றிய இந்த நேர்மை இவ்வகைப் புனைவுகளில் அரிது.

அந்தச் சொல் மன்னிப்புக் கோரல் அன்று. கொன்றவரின் பாவம் கழிய வேண்டும் என்ற கவலை அதில் இல்லை. பெற்றதை ஒப்புக்கொள்ளும் சொல் அது. கெஷ் மொழியில் செல்வம் என்பதற்கும் கொடுத்தல் என்பதற்கும் ‘அம்பாத்’ என ஒரே சொல் அமைந்திருப்பதை இங்கு இணைத்துக் காணலாம். கொடுப்பவரே செல்வர் என்றால், உடலைக் கொடுக்கும் மானும் செல்வர்தான். இவ்வாறு, மறுபிறப்பின் அடியில் வினைக்கு மாற்றாகக் கொடை நிற்கிறது.

கழுகுமக்களின் சமயம் இதற்கு நேர்மாறானது. ஒற்றைக் கடவுளை வழிபடும் அவர்கள், தம்முள் உயர்குடி ஆண்களுக்கே ஆன்மா உண்டு என்கின்றனர். பெண்கள், அயலார், விலங்குகள் ஆகிய மூவகையினரையும் ‘ஹொன்டிக்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றனர். தந்தையோடு சென்று ஏழாண்டுகள் அந்நகரில் அடைபட்டு வாழும் கதைசொல்லி, ஆன்மா இல்லாதவளாக எண்ணப்படுவதன் அன்றாடப் பொருளை அங்கு அறிகிறாள். தந்தைவழி இல்லம் இல்லாமையால் சொந்த ஊரில் ‘அரை ஆள்’ எனக் கேலி செய்யப்பட்டவளும் அவளே என்பதை மறக்கலாகாது. அனைத்துயிரையும் இல்லத்தில் சேர்க்கும் சமூகம், வெளியூர்த் தந்தைக்குப் பிறந்த சிறுமியைச் சேர்க்கத் தயங்கியது. ஆயினும் கழுகுமக்களைப் படைத்த விதம் புதினத்தின் குறையாகவே படுகிறது. படை, ஆணாதிக்கம், ஒருகடவுள் வழிபாடு, பயன்படாத பெரும் போர்க்கருவிகள் என எல்லாத் தீமைகளையும் ஒரே மக்கள்மீது ஏற்றியதால், அவர்கள் மனிதர்களாக அன்றி எச்சரிக்கைப் பலகையாக நிற்கின்றனர். அபாவ் ஒருவனே விதிவிலக்கு.

மண்ணில் தங்கிய வினை

கெஷ் உலகில் வினைக்கணக்கு இல்லை என மேலே கூறப்பட்டது. அக்கூற்றை இப்போது திருத்திக்கொள்ள வேண்டும். கெஷ் மக்களிடையே இரு நோய்கள் பரவலாக உள்ளன. செவாய் என்பது பார்வையையும் பிற புலன்களையும் படிப்படியாக அழிப்பது. வெடெட் என்பது மனத்தைச் சிதைப்பது. தொழில்மய உலகம் மண்ணிலும் நீரிலும் விட்டுச்சென்ற நச்சுப் பொருள்களின் விளைவாக மலட்டுத்தன்மையும், இறந்தே பிறத்தலும், பிறவிக்குறைகளும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கின்றன. அந்த உலகைக் கெஷ் மக்கள் வரலாறாக அறியார்; ஏதோ ஒரு காலத்தில் தலை பின்பக்கம் திரும்பியவர்கள் இருந்தார்கள் என்பது போன்ற கதைகளே அவர்களிடம் உள்ளன.

ஆகவே வினை இருக்கிறது. அது தங்கும் இடம்தான் வேறு. தனியுயிரோடு ஒட்டிச் செல்லாமல் ஆற்றுப்படுகையிலும் தாயின் கருப்பையிலும் அது தங்கியிருக்கிறது. செய்தவர் ஒருவர், துய்ப்பவர் மற்றொருவர். இருவருக்கும் இடையே உயிர்த்தொடர்ச்சி ஏதுமில்லை. வினைக்கோட்பாடு எந்த அநீதியை விளக்கித் தணிக்க முற்பட்டதோ, அந்த அநீதி இங்கு விளக்கமின்றி நிற்கிறது. பிறந்த குழந்தை செவாய் நோயோடு பிறந்தால், அது முற்பிறப்பில் செய்ததன் பயன் என்று கெஷ் தாய் தன்னைத் தேற்றிக்கொள்ள முடியாது. வான் இல்லத்திலிருந்து வருவோர் பலர் வாசலிலேயே திரும்பிவிடுகின்றனர். பிறப்பை அவர்கள் கொண்டாடும் விதத்துக்கு இப்பின்னணி ஒரு கனத்தைத் தருகிறது.

அட்வுட்டின் ‘கடவுளின் தோட்டக்காரர்கள்’ என்னும் குழுவோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். நகரக் கட்டடத்தின் மொட்டைமாடியில் தோட்டமிட்டு வாழும் அக்குழு, ரேச்சல் கார்சன், டயான் ஃபோசி போன்றோரைப் புனிதர்களாக வணங்குகிறது; புலால் மறுக்கிறது. அவர்களுள் தேனீ வளர்க்கும் முதியவள் பிலார் இறந்தபோது, அவளுடைய உடல் பூங்காவொன்றில் புதைக்கப்பட்டு மேலே ஒரு செடி நடப்படுகிறது. அவள் இறந்த செய்தி தேனீக்களுக்கு முறைப்படி அறிவிக்கப்படுகிறது. அடுத்த நூலான ‘மேட்ஆடம்’ (2013) புதினத்தில் டோபி அவ்விடத்துக்கே சென்று பிலாரிடம் வழி கேட்கிறாள். உடல் உரமாகி, உரம் செடியாகி மீள்வதே இங்கு மறுபிறப்பு. ஆனால் பெயர் நீங்குவதில்லை. செடியாகியும் அவள் பிலார்தான். மேலும், மனித இனத்தின் பெரும்பகுதியை அழிக்கும் கொள்ளைநோயை அட்வுட் வாசகரின் கண்முன் நிகழ்த்துகிறார். செய்தவன் யார், ஏன் செய்தான் என்பனவும் கூறப்படுகின்றன. லெ குவின் அதைச் செய்யவில்லை. கலிபோர்னியாவின் கோடிக்கணக்கான மக்கள் எவ்வாறு மறைந்தனர், மத்தியப் பள்ளத்தாக்கு கடலாகியபோது அங்கிருந்தோர் என்னவாயினர் என்பவை நூலுக்கு வெளியே விடப்பட்டுள்ளன. இயற்கையோடு இயைந்த வாழ்வு, மக்கள்தொகை மிகக் குறைந்த நிலத்தில்தான் நிகழ்கிறது. அக்குறைவுக்குக் கொடுக்கப்பட்ட விலை பக்கங்களில் இல்லை. இதனை நூலின் ஆகப்பெரிய மௌனம் எனலாம். பண்டோரா தன்னையே கேள்வி கேட்டுக் கலங்கும் பகுதிகள் அந்த மௌனத்தைத் தொட்டாலும் உடைக்கவில்லை.

யாருடைய மீள்வருகை?

அம்மௌனத்துக்குப் பின்னால் வேறொரு வரலாறு இருக்கிறது. லெ குவினின் தந்தை ஆல்பிரட் குரோபர், கலிபோர்னியத் தொல்குடிகளை ஆராய்ந்த மானிடவியலாளர். 1925ஆம் ஆண்டில் அவர்களைப் பற்றிய பெருங்கையேட்டை வெளியிட்டவர். தாய் தியடோரா குரோபர், யாஹி இனத்தின் கடைசி மனிதராகக் கருதப்பட்ட இஷியின் வரலாற்றை 1961இல் எழுதியவர். குடும்பம் கோடைக்காலங்களைக் கழித்தது நாபா பள்ளத்தாக்கில். புதினத்தின் ‘நா’ பள்ளத்தாக்கு அதுவே. அங்கு வாழ்ந்த வாப்போ மக்கள், குடியேறிகளால் நிலமிழந்து சிதறடிக்கப்பட்டவர்கள்.

லெ குவின் கெஷ் மக்களை வாப்போ மக்களாகவோ வேறு எந்தத் தொல்குடியாகவோ காட்டவில்லை. அழிக்கப்பட்டவர்களின் சடங்குகளை எடுத்தாளக்கூடாது என்னும் விழிப்பு அவரிடம் இருந்தது. 1982ஆம் ஆண்டின் உரையொன்றில், பின்னோக்கி நடந்தபடி முன்னோக்கிப் பார்க்கும் முள்ளம்பன்றியைப் பற்றிய கிரீ மக்களின் வழக்கை எடுத்துக்கொண்டு, கற்பனை நாடு குறித்துப் பேசுகிறார் அவர். புதினத்தின் நடையும் அந்த முள்ளம்பன்றியின் நடைதான். ஆயினும் ஒரு வினா எஞ்சுகிறது. நிலத்தடிக் கூடம், ஏணி வழி இறங்குதல், ஊற்றுக்குச் சொல்லும் வணக்கம் என்பனவெல்லாம் அந்த நிலத்தில் முன்பு வாழ்ந்தோரை நினைவூட்டும்போது, திரும்பி வருவது யார்? தொல்குடியினர் வருகின்றனரா, அவர்களைப் பற்றிய மானிடவியல் மட்டும் வருகிறதா? பண்டோரா தன்னை, பல கண்டங்களின் மக்களை அடிமைப்படுத்தி அழித்தவர்களின் மகளாக அறிவித்துக்கொள்ளும் இடத்தில் நூல் இவ்வினாவின் முன் நிற்கிறது. பெயரற்ற மறுபிறப்பு என்னும் கருத்து அங்கு ஆறுதலாகவும் தப்பித்தலாகவும் ஒருசேரத் தோன்றுகிறது. கொன்றவரின் மகள், கொல்லப்பட்டவரின் இடத்தில் பெயரில்லாமல் பிறக்க விரும்புவதை எவ்வாறு எடுத்துக்கொள்வது? தப்பித்தல் என்று கூறவே என் மனம் சாய்கிறது; ஆனால் நூலின் மறதிச் சடங்குகளை மறுமுறை படிக்கும்போது அத்துணை உறுதியாகக் கூற இயலவில்லை.

இஷி 1911ஆம் ஆண்டில் ஓரோவில் நகரருகே வெளிப்பட்டார். சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்டு, 1916இல் காசநோயால் இறந்தார். குரோபர் அப்போது வெளியூரிலிருந்து எதிர்ப்புத் தெரிவித்தும், அவரது உடல் அறுக்கப்பட்டு மூளை தனியே எடுக்கப்பட்டது. பின்னர் அதனை ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தவரும் குரோபரே. அது 2000ஆம் ஆண்டில்தான் இஷியின் சாம்பலோடு சேர்ந்து அவருடைய உறவினக் குடியினரிடம் திரும்பியது. 2021இல் பெர்க்கிலியில் ஒரு கட்டடத்திலிருந்து குரோபரின் பெயர் நீக்கப்பட்டது. ‘இஷி’ என்பது யானா மொழியில் ‘மனிதன்’ எனப் பொருள்படும் சொல். குரோபர் இட்ட பெயர். தம் மரபு விதித்தபடி, தம் சொந்தப் பெயரை அவர் அங்கிருந்த எவரிடமும் கூறவில்லை. எந்த ஆவணத்திலும் அது இல்லை.